அம்பு நிக்க மாட்டேங்குது

மறுபடியும் சின்னதா ஆயிருச்சு. காலைல மெனக்கெட்டு செட்டிங்ஸுக்குள்ள போயி, மவுசுன்னு இருக்குற எடத்தத் தேடிப் புடிச்சு, அம்ப நல்லா கட்டவெரல் தண்டிக்குப் பெருசா வச்சு, கீழ இருக்குற பட்டன அமுக்கி, ஆச்சுடா சாமின்னு லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டுப் போயி, கறி எடுத்துட்டு வந்து, சாப்ட்டு, கை கழுவிட்டு வந்து தொறந்து பாத்தா, அரிசிக்குள்ள கெடக்குற கல்லு கணக்கா இத்துணூண்டு. வரதராசு கண்ணாடிய நெத்திக்கு ஏத்திப் பாத்தாரு, மூக்குக்கு எறக்கிப் பாத்தாரு. ரெண்டுலயும் கல்லு கல்லாத்தான் இருந்துச்சு. பயணிகளின் கனிவான கவனத்திற்கு, காலையில் பெரிதாகப் புறப்பட்ட அம்பு, மதியம் சிறிதாக வந்து சேரும்னு ஜங்ஷன் அம்மா குரல்ல மெதுவா சொல்லிக்கிட்டாரு. திருச்சி ஜங்ஷன்ல நின்னு கேட்டா எப்டி இருக்குமோ அப்டியே, கடைசில அந்த மணிச் சத்தம் உட்பட. பக்கத்து ரூம்ல படுத்துருந்த செண்பகம், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மாதிரி நூறு குரலோட குடித்தனம் நடத்துறவ, "எந்த வண்டி லேட்டாம்?"னா. "நம்ம வண்டிதான்"னாரு. அவ திரும்பிப் படுத்தா. கட்டில் கிறீச்னுச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குன்னு உறையூர்ல ஒரு சத்தம் இருக்கு, எல்லா வீட்லயும் மிக்ஸி நின்னுபோயி, ஃபேன் மட்டும் ஓடுற சத்தம். அதுக்கு நடுவுல உக்காந்து ஒரு மனுசன் அம்பு தேடிட்டு இருக்கான். மேல இருக்கா? இல்ல. ஓரத்துல? இல்ல. மவுச நகத்துனா ஏதோ கொசு மாதிரி பறக்குது, நிறுத்துனா காணாமப் போகுது. நேத்தும் இப்டித்தான். முந்தாநேத்தும். செட்டிங்ஸுக்குள்ள போயி மாத்தவேண்டியது, பட்டன அமுக்கவேண்டியது, உடனே இங்கிலீசுல ஒரு பெட்டி வரும், அதுக்கு ஓகே குடுக்கவேண்டியது. அம்பு பெருசாயிரும், சமத்தா இருக்கும், ஆஃப் பண்ணிப் போட்டா அவ்வளவுதான், எல்லாத்தையும் மறந்துரும். பெட்டில என்ன எழுதிருக்குன்னு அவரு படிச்சதில்ல. இவரு ரத்தம் எடுக்குற லேபுக்கு வர்ற சனம் ஃபாரத்துல எங்க கையெழுத்துன்னு மட்டும் கேக்குமே, என்ன எழுதிருக்குன்னு எவனாவது கேட்டுருக்கானா? அதே சனத்துல இவரும் ஒருத்தரு.

இந்த அம்பு சரியா இல்லாட்டி வேல நடக்காது, அதான் சங்கதி. வேலன்னா பெரிய வேல இல்ல. சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புக்கு வாரம் ஒரு கூத்து போடுவாரு, இவரே ஆறேழு குரல்ல பேசிப் பதிவு பண்ணி, ஒட்டி, வெட்டி. இந்த வாரம் ஒரு மொட்டையடிக்கிற வீட்டுச் சண்ட. தாய்மாமன் வர்றதுக்குள்ள ஆசாரி காது குத்திட்டாரு, அது கூத்து. வெட்டுறதுலதான் எல்லாம் இருக்கு. மாமன் மூச்சு வாங்குற எடத்துல வெட்டி அத்தைய விட்டா சிரிப்பு வரும், ஒரு நூலு தள்ளி விட்டா வராது. அந்த நூலத் தொடணும்னா அம்பு நிக்கணும். இது நிக்க மாட்டேங்குது. ஒரு வாரமா, இல்ல ஒரு வாரத்துக்கு மேலயே, வெட்டுற எடத்துல வச்சா நழுவுது. சின்ன அம்புல்ல, அதான் நழுவுது. பெருசா இருந்தா நழுவாது. பெருசா இருக்குறப்பவும் நேத்து லேசா நழுவுன மாதிரி... அது டேபிள் ஆட்டம். காலுக்கு அடில அட்டை வச்சாச்சு. அட்டை வச்சப்பறமும்... மவுசு பழசு, மக மது காலேஜ் சேந்தப்ப வாங்குனது. லேப்டாப்பும் அவ விட்டுட்டுப் போனதுதான், பழைய மிஷின் திணறுதுன்னு அதுல விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸப் போட்டுக் குடுத்துட்டு, "இனிமே பறக்கும் பாருங்கப்பா"ன்னுட்டுக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிட்டா. பறக்கத்தான் செய்யுது. நிக்கதான் மாட்டேங்குது. எது ஆடுனாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும். டேபிள் இருக்கு, மவுசு இருக்கு, மிஷினு இருக்கு. கொழந்த ஆடுச்சு.

அது ஏன் இப்ப ஞாபகத்துக்கு வருது. வியாழக்கெழம, முசிறிலேர்ந்து ஒரு பொண்ணு, கைல ஒரு வயசு நெறையாத பையன், ரத்தம் கம்மியான்னு பாக்கணும். கொழந்தைன்னா லேபுல எல்லாரும் வரதராசுவத்தான் பாப்பாங்க. மது பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து ரத்தம் எடுக்குற கை. கொழந்த கைல நரம்பு நூல் மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெரலுக்குத்தான் தெரியும். அப்டியே தடவிக்கிட்டே, ஜன்னலுக்கு வெளிய ஒரு காக்கா கத்துற மாதிரி தொண்டைலேர்ந்து ஒண்ணு விடுவாரு. கொழந்த திரும்பும், அம்மா திரும்புவா, சமயத்துல ஸ்டெல்லாவே திரும்புவா, இத்தன வருசமா பக்கத்து நாற்காலில உக்காந்து ரத்தம் எடுக்குறவ. அந்தத் திரும்புற நேரத்துல ஊசி எறங்கிரும். அழுக வர்றதுக்குள்ள பஞ்சு வச்சாச்சு. கத்துறது முந்திட்டா கொழந்த காக்காயத் தேடி ஒடம்பையே திருப்பிரும், பிந்திட்டா ஊசியப் பாத்துரும். இத்தன வருசத்துல முந்துனதும் இல்ல பிந்துனதும் இல்ல. வியாழக்கெழமையும் சரியாத்தான் கத்துனாரு. கொழந்தையும் சரியாத்தான் திரும்புச்சு. ஊசி எறங்குச்சு, ரத்தம் ஒரு சொட்டு வந்துச்சு, நின்னுருச்சு. வெளிய எடுத்து ரெண்டாவது தடவ குத்துனாரு. ரெண்டாவது தடவ! டியூப்புல அடிப்பக்கம் நனைஞ்சதோட சரி. பத்தல, திங்கக்கெழம வாங்கம்மான்னு சொன்னாரு. அந்தப் பொண்ணு கோவப்படல, "பரவால்லண்ணே, அவன் ஆட்டிட்டான். நாங்க உங்ககிட்டயே வர்றோம், வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டுக் கொழந்தைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு... பாத்தியா, அவளே சொன்னா. அவன் ஆட்டிட்டான்னு. பெத்தவளுக்குத் தெரியாதா. ஆனா பையன் கைய ஸ்டெல்லால்ல புடிச்சுருந்தா. ஸ்டெல்லா புடிச்சா ஆடாதே. அவ புடி அப்டி. சரி, தோள ஆட்டிருப்பான். கொழந்த ஆடுச்சு. நாளைக்கு வருவா. நாளைக்குன்னா திங்கக்கெழமதான, ஆமா நாளைக்குத்தான்.

இந்த அம்ப மொதல்ல பாப்போம். மதுவுக்கு போனப் போட்டாரு. எடுத்ததும், மூக்கால, கொஞ்சம் இழுத்து, "ஹலோ, மதுவந்தியா? ஹாஸ்டல் வார்டன் பேசுறேன். மாடிக் கொடில காயிற துணி யாரோடது?"ன்னாரு. அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி. "அப்பா, அந்த வார்டன் மாறிட்டாங்க. இப்ப வந்துருக்கறவங்க பாலக்காடு. குரல அப்டேட் பண்ணுங்க." தோத்துப் போயி சொந்தக் குரலுக்கு எறங்கி, "அம்பு சின்னதாயிருதும்மா"ன்னாரு. "இன்னுமா? பெருசா வச்சு அப்ளை குடுத்தீங்களா?" "குடுத்தேன்." "எதாவது மெசேஜ் வந்துச்சா?" "வந்துச்சு. ஓகே குடுத்துட்டேன்." "என்ன எழுதிருந்துச்சு?" "இங்கிலீசுல எழுதிருந்துச்சு." "அப்பா! லேபு ரிப்போர்ட்டு பூரா இங்கிலீசுதான, அத மட்டும் படிக்கத் தெரியுதுல்ல? மறுபடி அமுக்கி, வர்றதப் படிங்க." அமுக்குனாரு, பெட்டி வந்துச்சு, கண்ணாடிய எறக்கி எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. இந்த ஃபைல்ல எழுத முடியலன்னு அது பாவம் தெனமும் சொல்லிட்டுத்தான் இருந்துருக்கு. இவரு தெனமும் ஓகே சொல்லிட்டு இருந்துருக்காரு. சிரிப்பு வந்துச்சு. மது சொல்லச் சொல்ல, கருப்பா ஒரு சன்னல் இருக்குமே, அதுல ஒத்த வெரலால என்னமோ தட்டுனாரு. "உங்க பேரு இருக்க வேண்டிய எடத்துல என்ன இருக்குப்பா?" "ரூட்டுன்னு இருக்கு. எவன் இவன்?" மது எந்திரிச்சு உக்காந்துட்டா, குரல்லயே தெரிஞ்சுச்சு. "அப்பா, என்னைக்காவது சுடோன்னு ஒண்ணு போட்டீங்களா?"

போட்டாரு. மறக்கல. மாரியம்மன் பூச்சொரிதல் அன்னைக்கு, அம்பு கலர மாத்தலாம்னு நெட்ல தேடுனப்ப, எதோ ஒரு ஊருக்காரன், எது நடக்கலன்னாலும் முன்னாடி சுடோ போடுன்னு எழுதிருந்தான். போட்டாரு. பாஸ்வேர்டு கேட்டுச்சு. குடுத்தாரு. நடந்துச்சு. நடந்த சந்தோசத்துல நாலஞ்சு எடத்துல போட்டாரு. "அது என்ன உப்பாப்பா, எல்லாத்துலயும் ஒரு சிட்டிக போட?"ன்னா மது. "ரூட்டுன்னா மிஷினோட மொதலாளி. சுடோ போட்டா அவரே நேர்ல வந்து வேலையச் செஞ்சு குடுத்துட்டுப் போற மாதிரி. செஞ்ச பொருள் அவரு பேருக்குப் போயிரும். அப்பறம் நீங்க அதுல கை வைக்க முடியாது. பாக்கலாம், வைக்க முடியாது." "ஏம்மா, என் வீட்டு அம்புக்கு எவன் பேர்லயோ பட்டாவா?" "நீங்கதான் எழுதிக் குடுத்துருக்கீங்க. திருப்பி உங்க பேருக்கு மாத்தலாம், நான் சொல்றத அப்டியே அடிங்க." அடிச்சாரு. எழுத்துக்கு எழுத்து அவ சொல்ல, இவரு தேடித் தேடிக் குத்த, ஒரு எடத்துல மிஷினு ஒத்துக்க மாட்டேன்னுச்சு. அடிச்சதப் படம் புடிச்சு அனுப்பச் சொன்னா. "ஆர் ரெண்டு தடவ விழுந்துருக்குப்பா. இந்தா, எஸ்ஸும் ரெண்டு இருக்கு." "கீபோர்டு பழசு." "நான் இருந்தப்ப நல்லாத்தான இருந்துச்சு. ஆமா, எதுக்கு அம்பு அவ்ளோ பெருசா வேணும்? கண்ண செக் பண்ணீங்களா?" கண்ணு! அடடா, கண்ணு! அது தோணலயே. "ஆமாம்மா, கண்ணுதான். கண்ணாடி மாத்தணும்"னு அவ்வளவு ஆர்வமா சொன்னதுல அவளுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "சரிப்பா, அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோசம்"னா. திரும்ப அடிச்சாரு, ஒவ்வொரு வெரலா, குத்துன வேகத்துல எடுத்து எடுத்து. ஒத்துக்கிச்சு. இப்ப பேரு இருந்த எடத்துல வரதராசுன்னு இருந்துச்சு. ரேசன் கார்டுல பேரு வந்தப்பகூட இந்தத் திருப்தி இல்ல. "இனிமே என்ன மாத்துனாலும் நிக்கும்பா. தூங்கவா?" "தூங்கு." "அந்தப் பாலக்காட்டு வார்டன் குரல் வேணும்னா ரெக்கார்டு பண்ணி அனுப்பறேன்." வச்சுட்டா.

அம்பப் பெருசா வச்சாரு, பட்டன அமுக்குனாரு, பெட்டி வரல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணாரு. அது எந்திரிக்கிற வரைக்கும் கைய நெஞ்சுக்குக் குறுக்க கட்டிக்கிட்டாரு, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிறவன் மாதிரி. தெரை வெளுத்துச்சு. நட்ட நடுவுல, கட்டவெரல் தண்டிக்கு, கருகருன்னு அம்பு. அப்பா! மறக்கல. வச்சது வச்ச மாதிரி இருக்கு. இந்த ஒலகத்துல ஒரு பொருளாவது சொன்ன பேச்சக் கேட்டுச்சேன்னு ஒரு குளுமை, ஐஸ் மோர் எறங்குன மாதிரி. கூத்தத் தொறந்தாரு. மாமன் பேச ஆரம்பிச்சாரு, இவரே பேசுன மாமன்தான், ஆனாலும் மூணாம் மனுசன் மாதிரி கேட்டுச் சிரிச்சாரு. மவுசு மேல கைய வச்சபடி, சும்மா, சாஞ்சு உக்காந்து கேட்டாரு. மாமன் மூச்சு வாங்குற எடம் வருது, வருது... அம்பு வீங்குச்சு. கண் முன்னாடியே, தவளை கழுத்து மாதிரி புசுக்குன்னு ரெண்டு மடங்காயி, ஒரு நிமிசம் நின்னு, சுருங்கி, பழைய அளவுக்கு வந்துருச்சு. என்னடா இது. மறுபடி பாத்தாரு. ஒழுங்கா இருந்துச்சு. மாமன் பேசி முடிச்சு அத்தை ஆரம்பிச்சா. புசுக். வீங்குச்சு. சுருங்குச்சு. அப்ப இன்னும் சரியாகல. இவ்வளவு பாடுபட்டும் இன்னும் எவனோ ஒருத்தன் உள்ள உக்காந்து மாத்துறான். மதுவக் கூப்புடலாமா, வேணாம், தூங்குது புள்ள. இதுவும் எங்கயாச்சும் எழுதித்தான் இருக்கும், நாமதான் படிக்காம ஓகே குடுத்துருப்போம். செட்டிங்ஸுக்குள்ள போயி, மவுசுலேர்ந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு வரியா, வெரல வச்சுப் படிச்சாரு. அது இல்ல. அது இல்ல. வேற பக்கம் போனாரு, ஜன்னல் எப்டி மூடணும், எப்டி தொறக்கணும்னு என்னென்னமோ இருந்துச்சு. நடுவுல ஒண்ணு. டிக் போட்டுருந்துச்சு. கீழ சின்னதா வெளக்கம். மவுச வேகமா உலுக்குனா அம்பு பெருசாகும், எங்க இருக்குன்னு தேடுறவங்களுக்கு ஒத்தாசையா.

அட, இதானா. ரொம்ப நல்ல ஏற்பாடுதான். தேடுறவன் என்ன செய்வான், மவுசப் புடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுவான், அதப் புரிஞ்சுக்கிட்டு அதுவே கைய தூக்கிக் காட்டுது, சந்தைல தொலைஞ்ச புள்ளை மாதிரி. மூளைக்காரன் எவனோ பண்ணிருக்கான். சரி. ஆனா நான் உலுக்கலயே. சும்மாதான வச்சுருந்தேன். சும்மா வச்சுக் கூத்துதான கேட்டேன். உலுக்குனா எனக்குத் தெரியாதா. மிஷினுக்கு எப்டி தோணுச்சு நான் உலுக்குறேன்னு. வரதராசு குனிஞ்சு பாத்தாரு. மவுசு மேல கை இருந்துச்சு. தன் கைதான். கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் எதையோ உருட்டிக்கிட்டு இருந்துச்சு. மெதுவா, அவசரமே இல்லாம, யாரும் கேக்காத வேலைய அதுபாட்டுக்குச் செஞ்சுக்கிட்டு. நிறுத்துன்னாரு மனசுக்குள்ள. வெரல மடக்குனாரு, நின்னுச்சு. பாத்தியா நின்னுருச்சு. மறுபடி தளத்தி வச்சாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்பறம் உருட்ட ஆரம்பிச்சுச்சு. தெரைல அம்பு வீங்குச்சு. மாசா மாசம் லேபுக்கு ஒரு போஸ்ட் மாஸ்டர் வருவாரு, ரிட்டயர் ஆனவரு, இதே மாதிரி வெரல்ல கண்ணுக்குத் தெரியாத மாத்திரைய உருட்டிக்கிட்டு. கைய லூசா விடுங்க சார்னா, "லூசா விட்டாதாம்ப்பா ஆடும். எதையாச்சும் புடிச்சா நிக்கும்"பாரு. அப்டியாங்க சார்னு ரத்தத்த எடுத்துட்டு வரதராசு அனுப்பிச்சுருவாரு. அவரு ஃபைல்ல டாக்டர் எழுதிருந்த வியாதிப் பேரும் தெரியும். அந்தப் பேர இப்ப நெனைக்க வேணாம். நெனைக்காமலே தெரியுது. புடிச்சா நிக்கும்னுதான அவரு சொன்னாரு? ஊசியப் புடிச்சா நிக்குதுல்ல, அப்பறம் என்ன. வியாழக்கெழம ஊசியப் புடிச்சுத்தான இருந்தோம். ஸ்டெல்லா புடிச்ச கை ஆடல. கொழந்த தோளும் ஆடல. காக்கா கத்துனப்ப அவன் அவ்வளவு அமைதியா ஜன்னலப் பாத்தான், வாயக் கூட மூடல.

பயம் வரும்னு எதிர்பாத்தாரு. வரல. வந்துருக்கும், ஆனா கத்திக்கிட்டு வரல, பக்கத்துல வந்து உக்காந்துச்சு, அவ்வளவுதான். ஃபேன் ஓடுச்சு. டிக் இருந்த எடத்துக்கு அம்பக் கொண்டு போனாரு. பெரிய அம்பு, ரொம்ப சுலபமாப் போயி நின்னுச்சு. ஒரு அமுக்கு. டிக்க எடுத்துட்டா வீங்காது. காலைல மாத்திருந்தா நாளைக்கு மறந்துருக்கும், மறுபடி வீங்கிருக்கும். இப்ப மறக்காது, பட்டா நம்ம பேர்ல இருக்கு, என்ன மாத்துனாலும் நிக்கும். கண்ணு சரியில்லன்னு ஒரு கண்ணாடி, டேபிளுக்கு இன்னொரு அட்டை, புது மவுசு. காக்காயக் கொஞ்சம் சத்தமா விட்டா யாரும் கையப் பாக்கப் போறதில்ல. இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம், ரெண்டு வருசங்கூட. கொழந்தைங்க ஆடத்தான் செய்யும், எல்லாக் கொழந்தையும் ஆடும், எந்த அம்மா மாட்டேன்னு சொல்லப் போறா. மூணாவது தடவ குத்தவேண்டி வந்தா? அவ அப்பவும் பரவால்லண்ணேம்பா. அதான். அந்தப் பரவால்லண்ணேதான் உறுத்துது. அவ நம்புனா, அதுக்காக அந்தப் பொடியன் தாங்கணுமா. வெரலு பட்டன் மேல இருந்துச்சு. அமுக்கல. எடுக்கவும் இல்ல.

செண்பகம் டீயோட வந்தா. தூங்குன கன்னத்துல தலகாணி மடிப்பு. "சரியாச்சா உங்க அம்பு?" "ஆச்சு." "அதுக்கு ஏன் மூஞ்சி இப்டி?" "இந்தா, ஒரு நிமிசம் இதப் புடி"ன்னு நாற்காலில பாதி எடம் விட்டாரு. அவ உக்காந்து, டீ டம்ளர ஓரமா வச்சுட்டு, மவுசப் புடிச்சா. "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது." "ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா கைய வச்சுக்க." வச்சுருந்தா. அம்பு கல்லு மாதிரி நின்னுச்சு. "எவ்வளவு நேரம் வச்சுருக்கணும்? ரத்தக்கொதிப்பு பாக்குதா?" "போதும். இப்ப என்னயப் பாரு"ன்னு இவரு கைய வச்சாரு. ரெண்டு பேரும் தெரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அம்பு புசுக்குன்னு வீங்கி, சுருங்கி, மறுபடி வீங்குச்சு. செண்பகத்துக்குச் சிரிப்பு தாங்கல. "எனக்கு வீங்கலயே! மிஷினையும் விடல நீங்க, அதுக்கும் வேசம் கட்டச் சொல்லிக் குடுத்துட்டீங்களா!"ன்னு இடிச்சு இடிச்சுச் சிரிச்சா. கூடச் சிரிச்சிருந்தா அதோட போயிருக்கும். சிரிப்பு எங்க ஏறும், எங்க மூச்சு வாங்கும், எங்க எறங்கி முடியும்னு அவருக்குத் தெரியும், தொழிலே அதுதான. முடியிற வரைக்கும் காத்துருந்தாரு. முடிஞ்சுச்சு. அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா.

"அது வேசம் கட்டல செண்பகம். கையப் பாரு."

பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அவ மூஞ்சி மாறுனத அவரு பாக்கல, தெரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"எத்தன நாளா?"

"தெரியல. நான் இதத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"வலிக்குதா?"

"இல்ல. லேபுக்கு போனப் போடு. ஸ்டெல்லா இன்னைக்கு டூட்டிதான். நாளைக்கு முசிறிலேர்ந்து ஒரு பொண்ணு பையனத் தூக்கிட்டு என்னயத் தேடி வரும். நீ எடுத்துருன்னு அவகிட்ட சொல்லணும்."

"ஏன்னு கேப்பாளே."

"கேப்பா. குடு, நானே சொல்றேன்."

செண்பகம் நம்பரத் தேடிப் போட்டு, போன அவரு காதுல வச்சுப் புடிச்சுக்கிட்டா. ரிங் போச்சு.